இனி என் வழியாக வேண்டாம்

அருளுக்கு அம்மா எழுதுவது. எப்போதும் வாட்ஸப்பில் குரலாகவே பேசி அனுப்பிவிடுவேன். இந்த முறை உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை இரண்டு நகல் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று உனக்கு. இன்னொன்று, ஓர் எழுத்தும் மாறாமல், அப்பாவுக்கு. பட்டறையில் அவர் மைக்ரோமீட்டர் வைக்கிற மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். அதனால் உனக்கு ஏற்கெனவே தெரிந்த நம் தொழில் சமாச்சாரத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தால் சலித்துக்கொள்ளாதே. அது லேத் ஓட்டுகிற ஒரு மனிதருக்காக எழுதியது. லேத் பற்றி எங்காவது விளக்கினால் அது உனக்காக.

உன்னிடமிருந்து இரண்டு நல்ல செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. இனி உங்கள் கம்பெனியின் மைய நெட்வொர்க்கில் ரவுட்டிங் கான்ஃபிக், அதாவது எது எந்த வழியாகப் போகவேண்டும் என்று எழுதிவைப்பது, முழுவதும் உன் பொறுப்பு என்று சொன்னாய். பவானியில் ரெஜினா வீட்டில் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னாய். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாய்: "ஓலை எழுத அப்பா வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா." நம் பங்குக் கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். அதற்கு முன்னால் பங்கு அலுவலகத்துக்குப் போய் ஓலை எழுத வேண்டும். பையனோடு அவன் அப்பா போவதுதான் இங்கே வழக்கம். அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போது மாமாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓலைக்கு வராத அப்பா கல்யாணத்துக்கும் வரமாட்டார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கேட்கச் சொன்னதை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது திட்டமிட்டு அல்ல. ஆனைமலைப் பக்கம் தோப்புகளில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. மிஷன் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர் பிடிவாதம் பிடித்ததால் பாலிடெக்னிக் வரை வந்தேன். கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். அதே கம்பெனி பிறகு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது இருந்த ஆண்கள் எல்லாம் கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பதைத்தான் வேலை என்று நினைத்தார்கள். ரவுட்டர் என்ற பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தட்டுவதை எனக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டதற்கு நான் இன்றைக்கும் அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். கோவையில் ஆரம்பித்து, பொள்ளாச்சி, ஆனைமலை, பவானி, அந்தியூர் என்று ஒவ்வொரு ஊராக ரவுட்டர் போய் உட்கார்ந்தபோது, அதது எந்த வழியாகப் பேச வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது நான்தான்.

அப்பாவுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கோவையிலிருந்து அந்தியூருக்கு ஒரு படம் அனுப்பினால், அது நடுவில் எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று யாராவது முடிவு செய்யவேண்டும் அல்லவா? அதை ரவுட்டர்கள் தாங்களே முடிவு செய்ய ஒரு முறை இருக்கிறது. லிங்க் ஸ்டேட் என்பார்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பக்கத்து ரவுட்டருக்கு விடாமல் ஹலோ சொல்லிக்கொண்டே இருக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஹலோ வந்து, அதில் தன் பெயரும் இருந்தால்தான் உறவு என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் மட்டும் கத்திக்கொண்டிருந்தால் அது உறவு ஆகாது. உறவு ஆன பிறகு ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி மட்டும் அறிவிக்கும்: எனக்கு இன்னின்ன பக்கத்து வீடுகள், என் வழியாகப் போனால் இவ்வளவு காஸ்ட், அதாவது செலவு. அந்த அறிவிப்பு கைமாறி கைமாறி எல்லா ரவுட்டருக்கும் போய்ச் சேரும். எல்லாரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றும் தனக்கான குறுக்கு வழியைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கோவையின் அறிவிப்பைப் பவானி ரவுட்டர் அந்தியூருக்குக் கடத்தும்போது நடுவில் ஒன்றையும் திருத்தாது. கோவைக்கு அந்தியூர் மேல் கோபம் என்றால் அந்தக் கோபம் அப்படியே போய்ச் சேரும்.

நான் அப்படி இல்லை. அதற்கு வருவதற்கு முன் அந்தக் கேமரா விஷயத்தை எழுதிவிடுகிறேன். மூன்று பேருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், மூன்று பேரும் சேர்ந்து ஒரு தடவைகூட அதைப் பேசவில்லை. நீ வேலைக்குப் போன புதிதில், அப்பாவுக்கு ஆசையாக இரண்டு கேமரா வாங்கி வந்து பட்டறையில் மாட்டினாய். அவர் வீட்டிலிருந்தே போனில் பட்டறையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அவரும் ஒரு வாரம் சின்னப் பையன் மாதிரி சாப்பிடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் ஹைதராபாத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஒரு நாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டாய். அவர் கையெல்லாம் கட்டிங் ஆயில். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்தார். "அப்பா, உங்க டர்னர் அரை மணி நேரமா சும்மா உக்காந்திருக்காருங்க. இவருக்குத்தான் சம்பளம் குடுக்கறீங்களா?" என்றாய். அந்த டர்னர், லேத்தில் கடைசல் பிடிக்கிற செல்வராசு அண்ணன், ஒரு எட்டு வைக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனவர்தான். அப்பா போய்க் கூப்பிட்டும் வரவில்லை. வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் வரவில்லை. அது இல்லாமல் லேத் ஓடாது. ஆனால் கேமராவுக்கும் லைட்டுக்கும் ஒரு பேஸ் போதும், அவை பளிச்சென்று வேலை செய்தன. அதனால் உன் போனில் நீ பார்த்தது வெளிச்சமாக இருந்த ஒரு பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ஆள். கரண்டுக்காகக் காத்திருந்தவர் அதில் தெரியமாட்டார். அப்பா கத்தவில்லை. இரண்டு கேமராவையும் கழற்றி இரும்புச் சுருள் போடும் பீப்பாயில் போட்டார். மதியம் வீட்டுக்கு வந்து, "உம்பையன்கிட்டச் சொல்லிப்போடு அம்மணி. எம்பட்டறைக்குள்ள அவன் காலும் வரக்கூடாது, கண்ணும் வரக்கூடாது" என்றார். அதுதான் நான் கடத்திய முதல் சேதி. அதை நான் திருத்தித்தான் கடத்தினேன். "அப்பா கொஞ்சம் வருத்தமா இருக்கார், ரெண்டு நாள் கூப்பிடாதே" என்றேன். அந்த ரெண்டு நாள் நாலு வருஷமாகிவிட்டது.

இந்த நாலு வருஷத்தில் நீ லீவுக்கு வராமல் இல்லை. வந்தாய், ஒரே வீட்டில் படுத்தாய், ஒரே மேசையில் சாப்பிட்டாய். போன ஈஸ்டருக்கு நான் பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தேன், நினைவிருக்கும். அப்பா என்னைப் பார்த்து, "அம்மணி, உம்பையனை அந்தச் சொம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றார். நீ என்னைப் பார்த்து, "சொம்புல தண்ணி இல்லைன்னு சொல்லுங்கம்மா" என்றாய். "இல்லாட்டி மோந்துட்டு வரச் சொல்லு." "சாப்பிட்ட கையிங்கம்மா, முடிச்சுட்டு எடுத்தாரேன்னு சொல்லுங்க." "அதுக்குள்ள எனக்கு விக்கல் எடுத்து உசுரு போயிரும்னு சொல்லு." "சிக்கன்ல காரம் கம்மிதான், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க." நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் போய்விட்டது. "சிரிக்காதீங்கம்மா" என்று நீயும், "சிரிக்காத அம்மணி" என்று அவரும் ஒரே நேரத்தில் சொன்னீர்கள். நாலு வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

உன் சேதியை அவருக்கும் அவர் சேதியை உனக்கும் கொண்டு போகும்போது நான் அதைச் சும்மா கொண்டு போனதில்லை. "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்று அவர் சொன்னால், எப்போ வர்றேன்னு அப்பா கேட்டார் என்று உனக்குச் சொன்னேன். "ஆமா, அது என்ன பெரிய ஃபேக்டரியா?" என்று நீ சொன்னால், பட்டறை எப்படிப் போகுதுன்னு கேக்கறான் என்று அவருக்குச் சொன்னேன். உங்கள் இருவருக்கும் இது தெரியாமல் இல்லை. ஒரு தடவை அப்பா, "அவன் அப்படியெல்லாம் கேக்க மாட்டான். நீ வர்ற வழியில தாளிச்சுக் கொட்டிக் கொண்டாந்திருக்கிற" என்றார். தெரிந்தும் அவர் வாங்கிக்கொண்டார். நீயும் வாங்கிக்கொண்டாய். அது உங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது. உங்களுக்கு அதில் செலவே இல்லையே. ஒரு வழிக்கு எவ்வளவு காஸ்ட் என்று அந்த ரவுட்டரேதான் அறிவிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் இரக்கப்பட்டு ஏற்றி வைக்க முடியாது. நான் என் காஸ்ட்டை எப்போதும் ஒன்று என்று, இருப்பதிலேயே குறைவாகவே வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்தால் எல்லாம் என் வழியாகத்தான் போகும். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.

உன் புது வேலைக்கும் இது உதவும் என்பதால் பொள்ளாச்சியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு அமாவாசை அன்று காலையில் பொள்ளாச்சி ரவுட்டரில் ஒரு கார்டு பழுதாகி, பெட்டியையே அணைத்துப் போட வேண்டியதாயிற்று. அணைத்திருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாம் உடுமலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை பெட்டியை மறுபடி போட்ட பிறகுதான். பெட்டி எழுந்ததும் அக்கம்பக்கத்துக்கு ஹலோ சொன்னது. அவையும் திருப்பிச் சொன்னன. உறவு வந்துவிட்டது, பொள்ளாச்சி வழிதான் கிட்டம் என்று எல்லா ரவுட்டரும் உடனே போக்குவரத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டன. ஆனால் வெளி உலகத்துக்கு எப்படிப் போவது என்ற அறிவு இந்தப் பெட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை. அது வேறொரு வழியில், மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆகவே வந்ததையெல்லாம் வாங்கி வாங்கிக் கீழே போட்டது.

பொள்ளாச்சியில் நம் ஆள் மணி கூப்பிட்டான். "ஏனுங்க்கா, லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுதுங்க. ஆனா ஒண்ணும் அந்தாண்ட போக மாட்டேங்குதுங்க." நான் இங்கிருந்து பார்த்தால் எனக்கும் எல்லாம் பச்சை. அமாவாசை என்பதால் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் மிளகாய் விற்கிற ஒரு அம்மா எங்கள் புகார் எண்ணைப் பிடித்துவிட்டார். "ஏனுங்க அம்மணி, போன்ல காசு போட்டாச்சுன்னு போட்டாச்சுன்னு ஒவ்வொருத்தரும் மிளகாயை வாங்கிட்டுப் போறாங்க. காசு வந்தாச் சத்தமாச் சொல்ற இந்தப் பொட்டி வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. நான் ஆரை நம்பறது, ஆரை நம்பாம இருக்கறது?" என்றார். "கொஞ்ச நேரத்துல சரியாயிருங்க" என்றேன். "சரியாகலீன்னா உங்க கம்பெனி பேரைச் சொல்லி நானே ரெண்டு மிளகாய் அரைச்சுப் பூசிப்போடுவேன் பாத்துக்கோங்க" என்றார். அநியாயம் செய்தவர் மேல் முறையிட்டு மிளகாய் அரைத்துப் பூசுவது அந்தக் கோயிலில் வழக்கம். என் பக்கத்து நாற்காலிக்காரர் அன்று முழுவதும் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு மருந்து ஒரே வரிதான் என்பது உனக்குத் தெரியும். பெட்டி எழும்போது, தன் வழிகளுக்கெல்லாம் இருப்பதிலேயே அதிகமான காஸ்ட்டை அறிவிக்கும்படி எழுதி வைக்கவேண்டும். உங்கள் கம்பெனியில் ரவுட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை ஐஎஸ்-ஐஎஸ் என்பதால் அங்கே இதற்கு ஓவர்லோடு பிட் என்று பெயர். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: நான் இருக்கிறேன். என்னைப் பார்க்க வருவது வரலாம். என்னைத் தாண்டி இன்னொருவரிடம் போகவேண்டியது வேறு வழியில் போகட்டும். உன் நெட்வொர்க்கில் எந்த மையப் பெட்டியைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் இதைப் போடு. போட்டதும் கை வைத்துவிடாதே. போக்குவரத்தை எண்ணிக் காட்டுகிற கவுண்டரில் எண் குறைவதைக் கண்ணால் பார்த்த பிறகு தொடு. வேலை முடிந்து எழுந்த பிறகும் அவசரப்பட்டு எடுக்காதே. அப்பாவுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இது பழுதான பெட்டி செய்கிற காரியம் என்று நினைக்காதீர்கள். நன்றாக ஓடுகிற பெட்டிதான் இதைச் செய்யும். பழுதானது பேசாமல் வாங்கிக் கீழே போட்டுக்கொண்டிருக்கும்.

நானும் அப்படிக் கீழே போட்டிருக்கிறேன். பேஸ் விஷயத்தை அந்த வாரமே உனக்குச் சொன்னேன். நீ உடனே, "நான் சாரி சொன்னேன்னு அப்பாகிட்டச் சொல்லிடுங்கம்மா" என்றாய். உன் குரல் எனக்குத் தெரியும், அது வாயளவில் சொன்னதல்ல. நான் அன்று மாலையே அவர் காபி குடிக்கும்போது சொன்னேன். இதை மட்டும் திருத்தாமல், நீ சொன்னபடியே சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், அவனுக்கு வாய் இல்லையா?" என்றார். "செல்வராசுகிட்டச் சொல்லச் சொல்லு. எங்கிட்டச் சொல்றதுன்னா அவனே சொல்லட்டும்." இதை உனக்கு நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "சொல்லிட்டேன் கண்ணு, சரின்னுட்டார்." நீ மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். அவர் நீ கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் இத்தனை நாள் ஓட்டிவிட்டு இப்போது மட்டும் ஏன் என்று கேட்பாய். ரெஜினாதான் காரணம், ஆனால் அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை. போன வாரம் கூப்பிட்டாள். நன்றாகப் பேசுகிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது. "ஏனுங்க அத்தை, மாமாவுக்கு எந்தக் கலர்ல சட்டை எடுக்கறதுன்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்றாள். "நீயே கேளேன் கண்ணு, பக்கத்துலதான் இருக்கார், போனைக் குடுக்கறேன்" என்றேன். "ஐயோ வேண்டாங்க அத்தை" என்றாள். "அவரு சொல்லியிருக்காருங்க, அப்பா விஷயம் எதுன்னாலும் அம்மாகிட்டச் சொன்னாப் போதும், அவங்க பாத்துக்குவாங்கன்னு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா என்னைப் பார்த்து, "ஊதான்னு சொல்லு" என்றார். அவர் குரல் போனில் அவளுக்கே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் "ஊதாவாம்" என்று திருப்பிச் சொன்னேன். அவளும் "சரிங்க அத்தை, ஊதா" என்றாள்.

போனை வைத்த பிறகு எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். நீங்கள் இரண்டு பேர் இருந்தவரை இதைச் சண்டை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், சண்டை என்றால் என்றைக்காவது தீரும். மூன்றாவதாக ஒரு பெண் வந்து, ஒரு சண்டையும் போடாமல், இந்தக் குடும்பத்தில் இப்படித்தான் பேசுவார்கள் என்று கற்றுக்கொண்டுவிட்டாள். நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதுவும் நடை பழகியதும் என் முந்தானையை இழுத்துத்தான் தாத்தாவுக்குச் சேதி சொல்லும். எனக்கும் வயதாகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் யோசித்துப் பார். எல்லாமே ஒரே பெட்டி வழியாகப் போகிற மாதிரி ஒரு நெட்வொர்க்கை நீ வரைந்துகொண்டு போனால் உன் மேலதிகாரி அதில் கையெழுத்துப் போடுவாரா? அந்தப் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டி என்று நீ சொன்னாலும் போடமாட்டார்.

நேராகப் பேசினால் முதல் நாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பவானிக்குப் புது ஃபைபர் போட்ட சமயம் இரண்டு நாள் நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இரண்டு ரவுட்டரும் ஒன்றையொன்று பார்க்கின்றன, ஹலோ சொல்கின்றன, அதற்கு மேல் நகரவில்லை. கடைசியில் பார்த்தால், தகவலைக் கட்டி அனுப்புகிற பொட்டலம் ஒரு முனையில் பெரிதாகப் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள், மறு முனையில் சின்னதுதான் என்று வைத்திருக்கிறார்கள். ஹலோ சின்னது, அது போய்விடுகிறது. வரைபடத்தை மாற்றிக்கொள்ள உட்கார்ந்தால் அளவு ஒத்துவரவில்லை. இவன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான், அவன் வாங்க மாட்டேன் என்கிறான். அளவைக் கண்டுகொள்ளாமல் விடு என்று சொல்லவும் ஒரு கட்டளை உண்டு. போட்டால் உறவு வந்த மாதிரி தெரியும். நான் போடுவதில்லை, நீயும் போடாதே. பெரிய பொட்டலம் ஒன்று உண்மையாகவே போகவேண்டிய நாளில் அது வழியில் நின்றுவிடும். இரண்டு முனையிலும் ஒரே அளவை எழுது. அதற்கு இரண்டு முனைக்கும் போகவேண்டும், அலுப்பான வேலைதான்.

உன் பேச்சு பெரிய பொட்டலம், அருள். ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் காரணம், அதற்குக் காரணம், அதற்கு நீ படித்தது என்று போகும். அப்பா எஃகைக் கடைகிறவர், ஒரு தடவைக்கு எவ்வளவு சீவலாம் என்று அவருக்கு ஓர் அளவு இருக்கிறது. கேமரா ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்காதே. அவருக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன்: ஏனுங்க, அவன் நீளமாகப் பேசினால் நடுவில் "செரி வெச்சர்றேன்" என்று சொல்லாதீங்க. கொஞ்சம் காது கொடுங்க. இதற்கு மேல் என்ன பேசுவது என்று நான் இரண்டு பேருக்கும் எழுதித் தரமாட்டேன். தந்தால் மறுபடியும் அது என் வழியாகப் போனதாகிவிடும்.

அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, "இனி அவன் சேதியை உங்ககிட்டக் கொண்டார மாட்டேனுங்க. உங்க சேதியையும் அவன்கிட்டக் கொண்டுபோக மாட்டேன்" என்றேன். "ஏன், உனக்கும் எனக்கும் ஏதாச்சும் சண்டையா?" என்றார். "ஒரு சண்டையும் இல்லீங்க. சாம்பார் ஊத்தறேன், மாத்திரை எடுத்துத் தர்றேன், உங்களோட கோயிலுக்கு வாரேன். சேதி மட்டும் கிடையாது." "அப்ப ஓலைக்கு ஆரு போறது?" "எனக்குத் தெரியாதுங்க. அது உங்களுக்கும் அவனுக்கும் உள்ளது." "அவன் கூப்பிடலையே." "நீங்க கூப்பிட்டீங்களா?" அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ரசம் ஊத்து" என்றார். நான் ஊற்றினேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். என்னை எப்போதும்போல் கூப்பிடு. என்ன சாப்பிட்டாய், ரெஜினா என்ன சொன்னாள், வேலையில் எது உதைக்கிறது என்று எல்லாம் சொல். கான்ஃபிக்கில் சந்தேகம் என்றால் வேலை நடுவில் கேட்டாலும் நான் சொல்லித் தருவேன். கல்யாணச் சமையல், ஜமக்காளம், சீர், உன் மாமன் வீட்டுக் கோபம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்லாதே. சொன்னால் கேட்டுக்கொள்வேன், அது என்னோடு நின்றுவிடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் நீ என்னைக் கூப்பிட்டு, "கூப்பிட்டிருந்தீங்களாம்மா? மீட்டிங்ல இருந்தேன்" என்றாய். நான், "இல்லையே கண்ணு, கை பட்டிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தேன். உன் நம்பருக்கு இரண்டு தடவை போயிருக்கிறது. இரண்டு தடவையும் கடைசிவரை மணி அடித்து நின்றிருக்கிறது, நடுவில் வெட்டவில்லை. அந்த நேரம் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. வீட்டில் சாப்பிட வந்திருந்தவர் ஒருவர்தான். நான் இறங்கி வந்தபோது அவர் பட்டறைக்குக் கிளம்பி, வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். எதற்குக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நடந்தது என் போனில் என்பதால் இவ்வளவு சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இதைப் படித்ததும் அவர் என்மேல் கோபப்படுவார். படட்டும்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், கண்ணு. அப்பா நம்பரை மாற்றவில்லை. பழைய நம்பர்தான்.